கூடம் கோணல்

வண்டி நின்றால் வண்டியைத் திட்டலாம். ஒருத்தி ஓட்டும்போது மட்டும் நின்று, மற்றவர் ஓட்டும்போது ஒழுங்காக ஓடினால் திட்டு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. விஜயலக்ஷ்மி அந்தத் திட்டைத் தீபாவளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

வண்டி அவள் மாமனார் வாங்கியது. பால் நிறம், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர்க் கம்பி, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம். அவர் போன பிறகு, மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், போர்வை போர்த்திக்கொண்டு பல வருஷம் தூங்கியது. மகள் மாளவிகா பிளஸ் டூ முடித்து, அடையாற்றில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு எடுத்துப் படிக்கச் சேர்ந்த பிறகுதான் அதற்கு விமோசனம் வந்தது.

மாளவிகாவுக்குக் குழந்தையிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலில் இரும்புப் பட்டை, கையில் ஒரு ஊன்றுகோல். பல்லவன் பஸ்ஸின் முதல் படி அவளுக்கு மலை. அவள் ஏறி முடிக்கும்வரை கண்டக்டரின் விசில் பொறுக்காது. ஆட்டோ ஏற்பாடு செய்து பார்த்தார்கள். ஆட்டோக்காரர் இஷ்டப்பட்ட நாளில் வருவார். வராத நாளைக்கு மறுநாள் வந்து காரணம் சொல்வார். அப்பா சுப்பராமனுக்குப் பாரிமுனையில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், எட்டு மணிக்கே கிளம்பிவிடுவார். ஆகவே நாற்பது தாண்டிய வயதில் விஜயலக்ஷ்மி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் பரீட்சையில் பின்னால் எடுக்கச் சொன்னபோது கம்பத்தில் இடித்தாள். அந்தக் கம்பத்தைச் சுப்பராமன் வீட்டார் கல்யாணம் காட்சி எதிலும் மறக்காமல் விசாரித்தார்கள்.

அடுத்த முறை பாஸ் செய்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லை. மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு, அடையாறு பாலம் என்று தினம் போய்த் தினம் வந்தாள். நீயும் உன் கம்பமும் என்று உறவினரை மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டியதில் நல்ல டிரைவராகவே ஆகிவிட்டாள்.

அப்புறம் வந்தது இந்தப் பீடை. வண்டி நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று மூச்சு நின்ற மாதிரி எல்லாம் அடங்கிவிடும். ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி, மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பிவிடும். ஒரு நாள் இரண்டு தடவை நிற்கும், பிறகு ஒரு வாரம் நிற்காது. இப்படி ஒரு நோயை யாரிடம் போய்க் காட்டுவது?

"ஏன்னா, நான் ஒண்ணுமே பண்ணலை. தானா நின்னுடறது" என்றாள் கணவரிடம்.

"தானா எப்படி நிக்கும்? கிளட்ச்சை மிதிக்காம பிரேக்கைப் போட்டிருப்பே."

ஞாயிற்றுக்கிழமை அவரே ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். விஜயலக்ஷ்மி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அது ஒரு தனி சமஸ்தானம். மாமியார் கொடுத்துவிட்டுப் போன வெள்ளிக் கொக்கியில் வாசல் கதவு, பின்கட்டு, இரண்டு பீரோ, உக்கிராண அறை, பெட்டி என்று வீடே தொங்கியது. எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத ஒரு பித்தளைச் சாவிகூட எறிய மனசில்லாமல் தொங்கியது. சந்தில் ஒரு வீட்டில் திருடு போன பயத்தில் சுப்பராமன் வாசலுக்கு இரும்புக் கேட் போட்டு, அதற்கு ஒரு திண்டுக்கல் பூட்டும் வாங்கி மாட்டியிருந்தார். அதன் சாவியே ஒரு சின்னக் கரண்டி அளவு. விஜயலக்ஷ்மி வருகிறாள் என்பது அவள் வருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்துக்குத் தெரியும்.

"கொத்தோட குடுக்காதே, பாக்கெட் கிழியறது" என்றார் சுப்பராமன். அவள் வழக்கம்போல் கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தாள்.

பெசன்ட் நகர் கடற்கரை வரை போய், தி. நகர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்கு அது முள்ளாகத் தைத்தது. அதைவிட மோசம், அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓட்டும்போது ரோட்டைப் பார்ப்பதா, தன் காலைப் பார்ப்பதா என்று தவித்தாள். தனக்குத் தெரியாமலே கால் ஏதோ செய்கிறதோ? ஒரு நொடி தனக்கே நினைவு தப்பிப் போகிறதோ?

திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் பீர் முஹம்மதுவின் ஷெட். மாமனார் காலத்திலிருந்து வண்டிக்கு அவர்தான் வைத்தியர். கெட்டிக்காரர், அது அவருக்கும் நன்றாகத் தெரியும் என்பதுதான் தொந்தரவு. சுப்பராமன் போனிலேயே "அவளுக்குக் கிளட்ச் பழகலை பாய்" என்று சொல்லி வைத்திருந்தார். பீர் பாய் காயில் மாற்றினார், பாயின்ட் மாற்றினார், பேட்டரி முனையைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். ஒவ்வொரு முறையும் விஜயலக்ஷ்மி சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறி வீடு வந்தாள். ஒவ்வொரு முறையும் பாய் திருவல்லிக்கேணி முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்.

"வண்டில ஒண்ணும் இல்ல மாமி. குதிர மாதிரி ஓடுது."

இப்படியே பொங்கலும் போனது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், மாளவிகாவை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, அடையாறு பாலத்தின் நடுவில் வண்டி செத்தது. பின்னால் வந்த தண்ணி லாரி கிறீச்சிட்டு, இவர்கள் வண்டியின் முதுகைத் தொடாமல் தொட்டு நின்றது. மாளவிகாவின் ஊன்றுகோல் சீட்டிலிருந்து உருண்டு விழுந்தது. லாரிக்காரர் இறங்கி வந்து பேசிய பேச்சைவிட, மாளவிகா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டதுதான் விஜயலக்ஷ்மிக்குத் தாங்கவில்லை.

அதைக் கேட்டதும் சுப்பராமன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எனக்கு இருக்கறது ஒரு பொண்ணு. அவ தபால்ல படிச்சா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. திங்கக்கிழமை லீவு போட்டுட்டுப் போய் டி.சி. வாங்கிண்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஆட்டோவுல போகட்டும்."

சண்டை போடுவாள் என்று நினைத்து விஜயலக்ஷ்மி மகளைப் பார்த்தாள். மாளவிகா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "பரவாயில்லைப்பா. நான் ஆத்துலேர்ந்தே படிக்கறேன். அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்கோ."

எல்லோரோடும் சரிக்குச் சரி வாயாடுகிற பெண் அது. வகுப்பில் தன் பக்கத்தில் உட்காருகிறவள், கேன்டீன் சமோசா, கணக்கு டீச்சரின் கோணல் கையெழுத்து என்று தினமும் காரில் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். அத்தனையையும் எனக்காக விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கிறாளே என்று விஜயலக்ஷ்மிக்கு ஆற்றவில்லை. என் காலில்தான் தப்பு என்றால் காலையே வெட்டிப் போடலாம் என்று இருந்தது.

மறுநாள் காலையில் சுப்பராமன் மகளை ஆட்டோவில் கொண்டுவிடப் போனதும், அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வண்டியை நேரே பீர் பாயிடம் ஓட்டினாள். வழியில் நிற்கவில்லை. நிற்க வேண்டியபோது நின்றுவிட்டால் அது இந்த வண்டியே இல்லையே.

கொத்திலிருந்து சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "பாய், இன்னிக்கு நான் பஸ்ஸுல போகப்போறதில்லை. இங்கேயேதான் இருப்பேன். என்னன்னு கண்டுபிடிச்சுத் தாங்கோ. இல்லேன்னா என் பொண்ணு படிப்பு நின்னுடும்."

பாய் நிமிர்ந்து பார்த்தார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வழக்கமாகப் பாட்டுப் பாடுகிற மாதிரி ஒப்பிக்கும் 'ஒண்ணும் இல்ல மாமி' இந்த முறை வரவில்லை. கொஞ்ச நேரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மாமி, நிக்கசொல்ல டாஷ்போர்டுல அந்தச் செவப்பு லைட்டு எரிஞ்சுதா?"

"எரியாது. பெட்ரோல் முள்ளுகூடப் பொத்துனு கீழே விழுந்துடும். ஒருநாள் மழையில வைப்பர் பாதிக் கண்ணாடியில நின்னுது."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இத ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"நீங்க கேக்கலையே. அவர் போன்ல சொன்னதைக் கேட்டுண்டேள்."

பாய்க்குக் கொஞ்சம் சுருக்கென்றது. தாடியைச் சொறிந்துகொண்டார். "கிளட்ச்சு தப்புன்னா இன்ஜின்தான் நிக்கும், செவப்பு லைட்டு எரியும். லைட்டும் இல்ல, முள்ளும் இல்லன்னா கரண்ட்டே வரல. உங்க காலு மேல தப்பு இல்ல மாமி."

விஜயலக்ஷ்மிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இதைக் கொண்டுபோய்ச் சுப்பராமனிடம் சொல்லி என்ன பயன்? தப்பு காலில் இருந்தால் என்ன, கரண்ட்டில் இருந்தால் என்ன, பாலத்தில் நின்றால் நின்றதுதான். எங்கே அறுபடுகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

"வண்டி ஓடசொல்ல நோவு வரணும். அப்பத்தான் புடிக்க முடியும்" என்றார் பாய். சாவியைப் போட்டதும் இன்ஜினுக்குப் போகிற கரண்ட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, ஒரு சின்ன பல்பைக் கட்டி, டாஷ்போர்டின் மேல் தொங்கவிட்டார். "வண்டி நின்னா இதப் பாக்கணும். எரிஞ்சிகினே இருந்தா முன்னாடி தப்பு. அணைஞ்சா இந்தாண்ட, உள்ள தப்பு."

பாய் ஓட்டினார். பல்பு எரிந்தது. பிறகு விஜயலக்ஷ்மி ஓட்ட, பாய் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராக இழுத்து ஆட்டினார். ஐஸ் ஹவுஸ், கடற்கரைச் சாலை, மறுபடி ஐஸ் ஹவுஸ். வேண்டுமென்றே பள்ளத்தில் எல்லாம் இறக்கினாள். பல்பு அசையாமல் எரிந்தது. டாக்டரைக் கண்டதும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிடுமே, அந்தக் கதைதான். மதியம் சாப்பாட்டு வேளை தாண்டி ஷெட்டுக்குத் திரும்பியபோது பாய் பொறுமை இழந்திருந்தார்.

"வுடாம புடிச்சாலும் மாட்ட மாட்டேங்குது பேஜாரு. அடையாறுல ஒரு வேன் ஸ்டார்ட் ஆவலன்னு கூப்டுகினு கீறாங்க. நீங்க பொண்ண இட்டாரத்தானே போறீங்க? என்னியும் அங்க வுட்டுடுங்க. வழில நின்னா நான் கூடக் கீறேன்."

சாயங்காலம் அவள் ஆட்டோவில் போய் அழைத்து வருவதாகத்தான் பேச்சு. ஆனாலும் சம்மதித்தாள். சாவியை வாங்கினாள். வாங்கிய கையோடு, யோசிக்காமலே, இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து அதில் கோத்தாள். கபாலீஸ்வரா, இன்னிக்கு ஒரு தடவை நிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள். வண்டி நிற்க வேண்டும் என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

கபாலீஸ்வரர் தாமதிக்கவில்லை. பாலம் ஏறும் இடத்தில் தார் பெயர்ந்த ஒரு பள்ளம். சக்கரம் இறங்கி ஏறியது. இன்ஜின் சத்தம் அறுந்தது. முள் விழுந்தது. பல்பு அணைந்தது.

"அணைஞ்சுடுத்து பாய்" என்றாள். குரலில் அவளுக்கே தெரியாத சந்தோஷம்.

ஓடின வேகத்திலேயே இடது பக்கம் ஒதுக்கி நிறுத்தினாள். கை தன்னாலே சாவிக்குப் போனது.

"தொடாதீங்க. எதையும் தொடாதீங்க மாமி" என்றார் பாய். "நிக்கற நோவ நாமளே ஆட்டித் தெளிய வெச்சிட்டா அப்பறம் எங்கப் போய்த் தேடறது?"

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஒயர்களைத் தடவினார். பல்பு எரியவில்லை. ஃபியூஸ்களைத் தட்டினார். எரியவில்லை. விஜயலக்ஷ்மி கையை மடியில் வைத்துக்கொண்டு பல்பையே பார்த்தாள். அப்போது ஒரு பல்லவன் பஸ் பாலத்தைக் குலுக்கிக்கொண்டு பக்கத்தில் போனது. வண்டி லேசாக ஆடியது. சாவிக்கொத்து ஆடியது. பல்பு மினுக்கென்று எரிந்து அணைந்தது.

கொத்து ஊஞ்சல் மாதிரி போய்த் திரும்ப வந்தது. பல்பு மறுபடி மினுக்கியது.

மெதுவாக உள்ளங்கையைக் கொத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். பல்பு நின்று எரிந்தது. கையை எடுத்தாள். அணைந்தது. தூக்கினாள், எரிந்தது.

"பாய், மேலே வாங்கோ" என்றாள்.

பாய் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் செய்து காட்டினாள். அவர் தானும் ஒரு தடவை செய்து பார்த்தார். பிறகு கொத்தை முழுசாக ஏந்தி எடை பார்த்தார்.

"இன்னா மாமி இது? கோட்டைச் சாவியா? பழைய சுவிட்சு, உள்ள தேஞ்சி கீது. இது தொங்கி இழுத்து இழுத்து உள்ள காண்டாக்ட்டு வுட்டுப் போவுது. நீங்க திருப்பிப் போடசொல்ல மறுபடி ஒட்டிக்குது." நிறுத்தினார். "இத்தினி தபா வந்தீங்களே, இந்தக் கொத்த ஒரு தபா கூட எங்கண்ணுல காட்டலயே?"

"ஆத்துச் சாவியை யாராவது கழட்டிக் குடுத்துட்டுப் போவாளா பாய்? நான் எப்படி உள்ளே போறது?"

"கரீட்டு. எங்கிட்ட ஒத்தச் சாவி. உங்க வூட்டுக்காரருக்கும் ஒத்தச் சாவியா?"

"கொத்து அவர் பாக்கெட்டைக் கிழிக்கிறதாம்."

பாய் சிரிக்க ஆரம்பித்தார். விஜயலக்ஷ்மியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. இத்தனை மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. அவள் காலும் சரியாக இருந்தது, தலையும் சரியாக இருந்தது. பாலத்தின் கீழே அடையாறு நாறிக்கொண்டு ஓடியது. அதுகூட அன்றைக்கு அவளுக்குக் குறையாகத் தெரியவில்லை.

பாய் கரண்டிச் சாவியைத் தனியாகப் பிடித்துப் பார்த்தார். "இது புச்சா கீதே. எப்ப சேந்துச்சு?"

"தீபாவளிக்கு முன்னாடி. அவர்தான் வாங்கிண்டு வந்தார்."

"அத்தோடதான் நோவும் வந்துச்சு" என்றார் பாய். "திங்கக்கெழம வேற சுவிட்சு போட்டுத் தரேன். அதுவரைக்கும் ஒத்தச் சாவில ஓட்டுங்க. ஒண்ணும் ஆவாது."

கல்லூரி வாசலில் மாளவிகா ஆட்டோவை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். பால் நிற வண்டியைக் கண்டதும் பயந்தாள். வீடு வருவதற்குள் கதை முழுவதும் கேட்டுவிட்டு, நான்கு மாசத்துக்குச் சேர்த்து வைத்துச் சிரித்தாள். "அப்பாகிட்ட சொல்லாதேம்மா. காட்டணும்" என்றாள். விஜயலக்ஷ்மிக்கும் அதே எண்ணம்தான். சனிக்கிழமை முழுவதும் அந்த ரகசியத்தை வாயில் வைத்துக்கொண்டு திரிந்ததில், அவளுக்குச் சோறுகூட இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு டி.சி. வாங்கப் போறதுக்கு முன்னாடி, கடைசியா ஒரு தடவை வண்டியை ஓட்டிப் பாருங்கோ. நாங்களும் வரோம்."

சுப்பராமன் சாவிக்குக் கையை நீட்டினார். அவள் கொத்தோடு வைத்தாள்.

"இதை ஏன்டி..."

"இன்னிக்கு நாங்களும் வரோமே, ஆத்தைப் பூட்டிண்டு போக வேண்டாமா? பாக்கெட்டுல போட வேண்டாம். வண்டியிலதானே தொங்கப் போறது."

அவள் சொன்ன வழியாகத்தான் போனார். ஞாயிறு ஆனதால் பள்ளிக்கூடத் தெருவில் ஈ காக்கை இல்லை. பள்ளி வாசலுக்கு எதிரே வேகத்தடை. வண்டி ஏறி இறங்கியது. சத்தம் அறுந்தது. நின்றது.

சுப்பராமன் கியரைத் தள்ளினார். இரண்டு காலாலும் இருந்ததை எல்லாம் மிதித்தார். நெற்றி வியர்த்துவிட்டது. பின் சீட்டிலிருந்து மாளவிகா ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

"அப்பா, கிளட்ச்சை மிதிச்சேளா?"

அவர் திரும்பி மகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். விஜயலக்ஷ்மி கையை நீட்டிக் கொத்தைத் தூக்கினாள். டாஷ்போர்டின் மேல் பாய் கட்டிவிட்டுப் போன பல்பு எரிந்தது. விட்டாள், அணைந்தது. தூக்கினாள், எரிந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஒரு ஆயுள் முழுக்க விபத்துகளைப் பற்றிப் படித்தவர் அந்தச் சின்ன வெளிச்சத்தை வெகுநேரம் பார்த்தார். கொத்தில் விரலை விட்டு, கரண்டிச் சாவியைத் தனியாகப் பிரித்து எடுத்தார்.

"இது நான் வாங்கினதுதானே" என்றார்.

"ஆமாம்."

"தீபாவளிக்கு முன்னாடி."

"ஆமாம்."

அந்த மனிதருக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. தோள் இரண்டும் தளர்ந்து, முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். லாரி நின்ற அன்றிலிருந்து அவரும் அந்தப் பாரத்தைத்தான் சுமந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"கூடம் கோணல்தான் விஜி" என்றார். "கோணலாக்கினதும் நான்தான்."

அவர் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலேஜ் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரைக்குப்பா."

"லீவு போட்டாச்சு. வீணாக்குவானேன்? நானும் கூட வரேன். பின்னாடி உக்காந்துக்கறேன்."

கார் சாவியைக் கொத்திலிருந்து தானே கழற்றினார். நகம் மடங்கியது, ஆனாலும் விடவில்லை. கொத்தைத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கீழே இறங்கிச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, அவள் எழுந்து போய் ஸ்டியரிங் முன்னால் உட்காரும்வரை நின்றார்.